துணி மாளிகையின் மாடியில் ஓர் இசைக்குழு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் - இயற்பியல்)

'ஆர்கெஸ்ட்ரா' என்றால் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது திருவிழா இரவில் மேடை கட்டித் திரைப்படப் பாடல்களைப் பாடும் குழுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒலியியல் பாடத்தில் சபைன் வாய்பாட்டைப் படித்தபோது அந்த எண்ணம் மாறிற்று. ஒரு கூடத்தின் எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிட உதவும் அந்த வாய்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், அது எந்தக் கூடத்தைக் கணக்கிட முதன்முதலில் பெரிய அளவில் கையாளப்பட்டது என்று கேட்பதில்லை. நூலகத்தில் அதைத் தேடியபோது அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனேன். அங்கிருந்து அந்தக் கூடத்துக்கு முன்மாதிரியான ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்நகரின் இசைக்குழுவைப் பற்றியதே இக்கட்டுரை.

சிம்பொனி இசைக்குழு என்பது பல்லியம். வயலின் முதலான நரம்புக் கருவிகள், மரத் துளைக் கருவிகள், பித்தளைக் குழல்கள், முழவுகள் என நான்கு பிரிவினர் எழுதி வைத்த இசையை ஒருவர் கைக்கோலின் அசைவுக்கு இணங்க வாசிப்பர். வாசிக்கும் முன் ஓபோ என்ற குழல் ஒரு சுரத்தைப் பிடிக்க, மற்றவர்கள் அதனோடு சுருதி சேர்ப்பர். ஓபோவும் நம் நாதசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படும் கருவியே. அந்தச் சுரத்துக்கு உலகம் ஏற்றுக்கொண்ட அதிர்வெண் 440. நம் ஆய்வுக்கூடத்து இசைக்கவைப் பெட்டியில் அதே சுரத்துக்கு உரிய கவை 426.6 என்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்குப் பதின்மூன்று விம்மல்கள் எழும். நம் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார முடியாது!

லைப்சிக் வணிகர்களின் நகரம். 1743ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நகரத்துச் செல்வர் பதினாறு பேர் கூடிப் பதினாறு இசைஞர்களுக்குப் பொருள் தந்து ஒரு கச்சேரிச் சங்கத்தை அமைத்தனர். அரசனின் அவைக்காகவோ தேவாலய வழிபாட்டுக்காகவோ அன்றி, நகர மக்கள் தமக்காகத் தாமே பணம் போட்டு அமைத்துக்கொண்ட குழு என்பதே இதன் சிறப்பு. யோகான் செபாஸ்டியன் பாக் அப்போது அதே நகரின் தாமஸ் தேவாலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்தார். தொடக்கத்தில் வீடுகளிலும், பிறகு 'மூன்று அன்னங்கள்' என்ற விடுதியிலும் கச்சேரிகள் நடந்தன. 1781இல் துணி வணிகர்களுக்கு உரிய மாளிகையின் மேல்தளத்தில் அவர்களுக்கென்று ஒரு கூடம் கட்டப்பட்டது. துணி மாளிகை என்பதற்கு ஜெர்மன் மொழியில் 'கெவாண்ட்ஹவுஸ்'. இசைக்குழுவுக்கும் அதுவே பெயராகி இன்றுவரை நிலைத்துவிட்டது. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. துணி விற்றவருக்கும் கலைக்கும் உள்ள உறவு எங்கும் பழையதுதான் போலும்.

எங்கள் வீடு நெசவாளர் வீடு. கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பொங்கல் விடுமுறையில் தறியடியில் உட்கார்ந்து இந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். அவர் மிதியை நிறுத்தாமலே, "துணி வித்தவன் மாடியில போய்க் கேட்டான். சரி, நெஞ்சவன் போனானா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்ததுதான்.

பழைய கூடத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அமரலாம். பருவம் முழுமைக்கும் முன்பணம் கட்டியவர்களுக்கே இடம். கேட்போர் மேடையைப் பார்த்து உட்காராமல், இரு வரிசையாக ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்தனராம். இசையைக் கேட்கவும், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் வசதி! ஆயினும் அந்தச் சிறிய கூடத்தில் நடந்தவை சிறியவை அல்ல. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1825-26 பருவத்தில் வரிசையாக வாசித்துக் காட்டியது இக்குழு.

1835இல் பெலிக்ஸ் மெண்டல்சோன் தம் இருபத்தாறாம் வயதில் இதன் தலைவரானார். அதற்கு முன்பு முதல் வயலின்காரரே தம் இருக்கையிலிருந்து குழுவை நடத்துவது வழக்கம். கைக்கோல் ஏந்தி எதிரே நின்று முழுக் குழுவையும் நடத்தும் முறையை இங்கே நிலைநாட்டியவர் மெண்டல்சோன். இசைஞர்களின் ஊதியம் உயர அவர் நகர அதிகாரிகளிடம் விடாமல் வாதாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். கச்சேரியில் கைதட்டல் பெறுபவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்த தலைவர் அவர்.

அக்காலத்தில் கச்சேரி என்றால் பெரும்பாலும் அன்றைய இசையே. மறைந்தவர்களின் இசையையும் காலவரிசைப்படி வாசிக்கும் 'வரலாற்றுக் கச்சேரி'களை 1838இல் மெண்டல்சோன் தொடங்கினார். இசைக்கும் வரலாறு உண்டு என்பதைப் பொதுமக்கள் காதால் அறிந்த இடம் அது. பாக் மறைந்தபின் பெரும்பாலோர் மறந்துபோன அவருடைய மத்தேயு திருப்பாடுகள் இசையை 1829இல் பெர்லினில் மெண்டல்சோன் மீண்டும் அரங்கேற்றியபோது அவருக்கு வயது இருபது. எனக்கும் இப்போது அதே வயது. அதற்கு மேல் ஒப்புமை இல்லை. 1841இல் அதே இசையைப் பாக் பணியாற்றிய தாமஸ் தேவாலயத்திலேயே ஒலிக்கச் செய்தார். ஷூபர்ட் இறந்து பத்தாண்டு கழிந்தபின், அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கையெழுத்துப் படி வியன்னாவில் அவர் தமையன் வீட்டில் கிடப்பதை ஷூமன் கண்டார். அது லைப்சிக்குக்கு வந்து, 1839 மார்ச் 21 அன்று மெண்டல்சோன் தலைமையில் முதன்முதலாக ஒலித்தது. 1843இல் அவர் முயற்சியால் நகரில் இசைக் கல்லூரியும் தோன்றிற்று.

கேட்போர் பெருகவே 1884இல் புதிய கூடம் கட்டினார்கள். 1500 பேருக்கும் சற்று மேலாக இடம். நீண்ட செவ்வகப் பெட்டி போன்ற வடிவம். அதன் ஒலிநயம் பற்றிய புகழ் கடல் கடந்தது. பாஸ்டன் நகரத்தார் புதிய இசைக்கூடம் கட்ட விரும்பியபோது லைப்சிக் கூடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் யோசனை கேட்டனர். அவர் ஏற்கெனவே 1895 முதல் இரவு நேரங்களில், எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரை அறையில், 512 அதிர்வெண் உடைய ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மறைய ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து வந்தார். அருகிலிருந்த அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க நேரம் குறைவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே நம் வாய்பாடு: கூடத்தின் கன அளவை மொத்த உட்கவர்தலால் வகுத்து, மெட்ரிக் அலகில் 0.161 ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம்.

லைப்சிக் கூடத்தை அப்படியே பெரிதாக்கினால் என்ன? கூடாது என்றார் சபைன். நீள அகல உயரங்களை ஒரே விகிதத்தில் பெருக்கினால் கன அளவு மும்மடியாகவும் பரப்பு இருமடியாகவும் வளரும். ஆதலால் எதிர்முழக்கம் நீண்டுவிடும். அவர் கணக்கில் லைப்சிக் கூடத்துக்கு 2.30 விநாடி, 2500க்கும் மேற்பட்டோர் அமரும் பாஸ்டன் கூடத்துக்கு, அளவுகளை மாற்றி அமைத்தபின், 2.31. (பாஸ்டனில் கேட்போர் நிறைந்திருக்கையில் உண்மை நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு என்று பின்னாளில் அளந்தார்கள். மக்கள் கூட்டம் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்பதில் சபைன் சற்றுக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.) 1900இல் திறக்கப்பட்ட அந்தக் கூடம் உலகின் தலைசிறந்த இசைக்கூடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இனி அப்பாவின் கேள்வி. 1918 டிசம்பர் 31. முதல் உலகப் போர் முடிந்து ஏழு வாரங்கள், முடியாட்சி வீழ்ந்துவிட்டது. லைப்சிக் தொழிலாளர் கல்விக் கழகத்தின் ஏற்பாட்டில், நகரின் வேறொரு பெரிய மண்டபத்தில், தொழிலாளர்களுக்காகப் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஆர்தர் நிகிஷ் தலைமையில் இக்குழு வாசித்தது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். மனித குலத்தின் சகோதரத்துவத்தைப் பாடும் இறுதிப் பகுதி, புத்தாண்டு பிறக்கும் வேளையில் ஒலிக்க வேண்டும் என்பது திட்டம். நெய்தவன் கேட்க நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆண்டின் கடைசி நாளில் அந்தச் சிம்பொனியை வாசிக்கும் வழக்கத்துக்கு அந்த இரவே வித்திட்டது.

அடுத்து வந்த காலத்தை எழுதவே மனம் கூசுகிறது. 1933 மார்ச்சில், குழுவின் தலைவர் புரூனோ வால்டர் யூதர் என்பதால் அவர் கச்சேரி தடுக்கப்பட்டது. அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற அதே காரணத்துக்காக, கூடத்தின் முன் 1892 முதல் நின்ற மெண்டல்சோன் சிலையை, 1936 நவம்பரில், மேயர் கோயர்டலர் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து அகற்றினார்கள். திரும்பிவந்த மேயர் சிலையை மீண்டும் வைக்கச் சொன்னார், நடக்கவில்லை, பதவியை விட்டு விலகினார். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதற்காக 1945இல் அவருக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கூடமும் தப்பவில்லை. 1943-44 குண்டுவீச்சில் அழிந்து, எஞ்சிய சுவர்களும் 1968இல் இடிக்கப்பட்டன. அந்தக் கூடத்தின் வடிவம் இன்று பாஸ்டனில்தான் இருக்கிறது.

போருக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிருகக்காட்சிசாலையை அடுத்த மாநாட்டு மண்டபத்திலேயே குழு வாசித்தது. 1970 முதல் தலைவராக இருந்த குர்ட் மசூரின் இடைவிடாத முயற்சியால் 1981இல் மூன்றாவது கெவாண்ட்ஹவுஸ் எழுந்தது. இங்கே மேடையைச் சுற்றி நாற்புறமும் இருக்கைகள்.

1989 ஜூனில் லைப்சிக் தெருக்களில் அனுமதியின்றி இசைத்த இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. ஆகஸ்டில் மசூர் அந்தத் தெருப் பாடகர்களையும் அதிகாரிகளையும் கெவாண்ட்ஹவுஸுக்கே அழைத்துப் பேச வைத்தார். அக்டோபர் 9 திங்கள் மாலை சுமார் 70,000 மக்கள் விடுதலை கேட்டுத் திரண்டனர். எதிரே ஆயுதப் படை. மசூரும், ஓர் இறையியலாளரும், ஒரு நகைச்சுவைக் கலைஞரும், கட்சிச் செயலாளர் மூவரும் சேர்ந்து அமைதி காக்கும்படி எழுதிய வேண்டுகோள், மசூரின் குரலிலேயே நகர ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த நாட்களில் கெவாண்ட்ஹவுஸின் கதவுகளைத் திறந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசும் கூட்டங்களை அங்கே நடத்தினார்கள்.

இன்று அது நகராட்சியின் குழு. ஏறத்தாழ 185 இசைஞர்கள். கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி, நகர ஆபெரா, தாமஸ் தேவாலயத்தில் பாக்கின் இசை என மூன்று இடங்களிலும் இவர்களே வாசிக்கின்றனர். மெண்டல்சோன் சிலை 2008இல் புதிதாக வார்த்து நிறுவப்பட்டது. 2018இல் தலைமை ஏற்ற ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் அப்போது பாஸ்டன் குழுவுக்கும் இயக்குநர். இரு குழுக்களும் கூட்டுறவு ஏற்படுத்திக்கொண்டன. பள்ளிச் சிறுவர்களுக்கும் தனிக் கச்சேரிகள் உண்டு. கோடையில் பூங்காவில் கட்டணமில்லாத கச்சேரிகளும் நடத்தி வந்திருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறையில் 1918 செய்தியை அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை மிதியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருக்கு ஒரே ஓர் ஐயம்தான்.

"ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா, மறுநாள் வேலைக்கு எப்படிப்பா போனாங்க?"

"மறுநாள் புத்தாண்டுப்பா, லீவு."

"அப்ப யோசிச்சுத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லி, நாடாவில் தார் மாற்றிக்கொண்டு மீண்டும் தறியில் உட்கார்ந்தார்.