ஆத் கோடு தர மறுத்தால் எங்கே போவது?

டொமைன் தகராறு என்று புனேயில் யார் என்னிடம் வந்தாலும், பெயர் டாட் காமில் முடிகிறதா, டாட் இன்னில் முடிகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். வெப்சைட் படுத்துக் கிடக்கிறது, ஆர்டர் மெயில் வருவதில்லை, இவர் இதைப் போய்க் கேட்கிறாரே என்று நினைப்பார்கள். ஆனால் புகாரை எங்கே கொடுப்பது என்பது அந்தக் கடைசி எழுத்துகளைப் பொறுத்ததுதான்.

டாட் காமின் மொத்தப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற நிறுவனம். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்கள் அதில் பெயர்களைப் பதிந்து விற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ரீசெல்லர், அவருக்கும் கீழே நம் ஊர் வெப் டிசைனர். 1998-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஐகானின் முக்கியப் பணி ஒன்றை அமெரிக்க வணிகத் துறை ஒரு ஒப்பந்தம் மூலம் மேற்பார்வையிட்டு வந்தது. 2016 செப்டம்பர் இறுதியில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. டாட் காமின் மொத்த விலைக்கு உச்சவரம்பு வைக்கும் பிடி மட்டும் அமெரிக்க அரசிடம் இன்னும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த விலை ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. இந்த எண் நினைவில் இருந்தால், டாட் காமை வெறுமனே புதுப்பிக்க ஐயாயிரம் ரூபாய் கேட்பவரிடம் நிமிர்ந்து பேசலாம்.

டாட் இன்னுக்கு வழி வேறு. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிக்ஸிதான் அதன் பதிவேட்டை வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரார்களை அங்கீகரிப்பதும் நிக்ஸிதான். டாட் இன் புகாரை ஐகானுக்கு அனுப்பினால், இது எங்கள் ஒப்பந்தத்துக்குள் வராது என்று பதில் வரும். அதற்குள் காலாவதித் தேதி நெருங்கிவிடும்.

ராஸ்தா பேட்டில் காபித்தூள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாவின் விஷயம் இது. அவர் கடையின் டொமைன் டாட் காமில் முடிவது. ஒரு ரீசெல்லரிடம் வாங்கியிருந்தார். வேறு இடத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கேட்டபோது, "டிசைன் வேலையில் பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் கோடு" என்று அந்த ரீசெல்லர் சொல்லிவிட்டார். அண்ணா பணத்தை எடுத்துக் கட்டப் போனார்.

"கட்டாதீங்கண்ணா, முதல்ல ரெக்கார்டைப் பாப்போம்" என்றேன்.

ஐகானின் லுக்கப் பக்கத்தில் டொமைனைப் போட்டோம். ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது பெயருக்கு உரியவர், என்ற இடத்தில் எதுவும் தெரியவில்லை. 2018-க்குப் பிறகு தனியுரிமைக்காக அதை மறைத்துவிடுகிறார்கள். ஆனால் ரெஜிஸ்ட்ராரின் பெயர், புகார் மெயில் முகவரி, காலாவதித் தேதி மூன்றும் தெளிவாக இருந்தன. பழைய மெயில்களைத் தேடியதில், பதிவு செய்த நாளில் ரெஜிஸ்ட்ராரே அனுப்பிய உறுதிப்படுத்தும் மெயில் கிடைத்தது. அதில் ரெஜிஸ்ட்ரன்ட் அண்ணாவின் கடைதான்.

அது போதுமானதாக இருந்தது. ரீசெல்லரை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ராருக்கே எழுதினோம். பெயருக்கு உரியவர் கேட்டால் 5 நாட்களுக்குள் ஆத் கோடு தர வேண்டும் என்பது ஐகானின் விதி. அந்த டொமைனுக்கான கட்டணமே பாக்கி என்றால் மாற்றத்தை மறுக்கலாம். டிசைன், ஹோஸ்டிங் பாக்கியைக் காட்டி மறுக்க முடியாது. ரீசெல்லர் செய்வதற்கும் ரெஜிஸ்ட்ராரே பொறுப்பு. இந்த மூன்றையும் மூன்று வரியில் எழுதி, பதில் இல்லையென்றால் ஐகானின் ஒப்பந்த இணக்கப் பிரிவில் புகார் செய்வோம் என்று முடித்தோம். கெடுவுக்குள் கோடு வந்துவிட்டது.

இந்த விதிகளுக்குப் பல் முளைத்ததற்குப் பின்னால் பலர் பட்ட கஷ்டம் இருக்கிறது. ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற ரெஜிஸ்ட்ராரிடம் பணம் கட்டியும் பெயரை இழந்து பலர் தவித்தார்கள். 2007-ல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 2009, 2013 ஆண்டுகளில் ரெஜிஸ்ட்ரார்களுடனான ஒப்பந்தங்கள் இறுகியது அதன் பிறகுதான்.

போசரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. அங்கே கதை கடினமானது. டிசைனர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். பதிவில் இருப்பவர்தான் உரியவர் என்பதால் ஐகானின் விதி பட்டறைக்காரருக்கு உதவாது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்களை, காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், ரெஜிஸ்ட்ரார் அனுப்பியாக வேண்டும். அவை டிசைனரின் மெயிலுக்குத்தான் போயிருந்தன. பட்டறைக்காரர் கையில் இருந்தது 'டொமைன் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று தனி வரி போட்ட பில் ஒன்று. அதை வைத்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று நோட்டீஸ் விட்டதும் டிசைனர் இறங்கி வந்தார்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதற்கு முன் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். தமிழிலும் பேசலாம். பெயரை வேறொருவர் அபகரித்து வியாபாரமே நடத்தினால் அது நீதிமன்ற விஷயம். டொமைன் பெயருக்கு வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாட் இன்னுக்கு நிக்ஸியின் தனி நடுவர் முறையும் இருக்கிறது.

காலாவதித் தேதி தாண்டிவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டாம். டாட் காம் பெயரை அழித்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் கூடுதல், ஆனால் பெயர் திரும்பும்.

இந்தத் தகராறுகளை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்றால், வங்கிகளைப் பாருங்கள். அவை எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன்னுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயர்களைப் பதிய ஐடிஆர்பிடி என்ற ஒரே ரெஜிஸ்ட்ரார்தான். அரசுத் தரப்பு மனம் வைத்தால் யார் பெயரில் பதிவு, யார் பொறுப்பு என்பதை இவ்வளவு கறாராக வைக்க முடிகிறது. காபித்தூள் கடைக்கும் பட்டறைக்கும் இதில் கொஞ்சமாவது வேண்டும். டாட் இன் விற்கும் ஒவ்வொரு ரீசெல்லரும் தன் பில்லில் ரெஜிஸ்ட்ராரின் பெயரையும், யார் பெயரில் பதிந்தோம் என்பதையும் அச்சிட வேண்டும் என்று நிக்ஸி ஒரு விதி போடட்டும். என்னிடம் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரி இல்லாததால் வந்தவை.