ஜாம் போத்தல் விளக்கும் ஆயரின் கணக்கும்

கேள்வி: போர் நடத்தும் நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிப்பதை ஒரு கிறிஸ்தவனாக நான் ஆதரிக்கலாமா? ரஷ்யா விஷயத்தில் ஆளுக்கொரு செய்தி சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: சோவியத் உதவியில் எழுந்த அனல்மின் நிலையத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் உங்களுடையது, ரஷ்யச் செய்தி உறுத்துவது புரிகிறது. ஆனால் தடை என்றதும் எனக்கு யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வருகிறது. 1990களில் இலங்கை அரசு விதித்த தடையால் அங்கே மண்ணெண்ணெய், சோப்பு, பேட்டரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். போராளியைக் குறிவைத்த தடை முதலில் அடுப்படிக்குள் நுழைந்தது. உணவையும் மருந்தையும் மறிக்கும் தடையை, யார் விதித்தாலும், என் விசுவாசம் ஏற்காது. ஆயுத விற்பனையைத் தடுப்பது வேறு, அதை ஆதரிக்கிறேன்.

செய்தி விஷயத்தில் எனக்கு வழிகாட்டி மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. உள்நாட்டுப் போரைப் பற்றி விசாரிக்க இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன், 2011 ஜனவரியில், அவர் வதந்தியைக் கொண்டுபோகவில்லை. 2008 அக்டோபரில் போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 4,29,059 பேர் என்றது கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், பதிவு. போர் முடிந்து அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டவில்லை. அரசின் பதிவையும் ஐ.நா. கணக்கையும் வைத்து அரசிடம் விளக்கம் கேட்டார்.

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அதனால் ஓர் எண் வந்தால், எண்ணியது யார், எப்போது என்று தேடுகிறேன். தெரியாவிட்டால் யாருக்கும் அனுப்புவதில்லை, அது என் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும்.