ஹெவி லைசென்ஸ்: 15 மணி நேரக் கணக்கு



ரமலானுக்குப் பிறகு வந்த தொழிற்பயிற்சி உதவி மனுக்களில் லாரி, பஸ் ஓட்டப் பழக உதவி கேட்டவை இம்முறை அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தகப்பனை இழந்த ஒரு பையனுக்காக அவன் தாயார் மனு கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல் கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்டினோம். சான்றிதழ் வந்தது, பிறகு லைசென்ஸும் வந்தது. ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மண்டி உரிமையாளர் ஒருவர் அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது குடோன் சுவரில் இடித்துவிட்டான். பின்னால் நின்ற கிளீனர் நூலிழையில் விலகினார், அல்ஹம்துலில்லாஹ். விசாரித்தபோது பையன் சொன்னான்: “மாமா, மொத்தமே ஆறு தடவைதான் ஸ்டியரிங்ல உட்கார வெச்சாங்க. ரிவர்ஸ் போடச் சொல்லவே இல்ல. கடைசி நாள்ல நோட்டுல வரிசையா முப்பது கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.”

அந்தப் பள்ளியைக் குறை சொல்வது எளிது. ரசீதைக் கேட்ட நாம் மணிக்கணக்கைக் கேட்கவில்லையே! மக்கள் அமானிதமாகக் கொடுத்த பணம் அது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 31-ஆம் விதிப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டப் பழகுவோருக்குப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டியை நேரடியாக ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது. அதாவது, தினமும் அரை மணி நேரம் உங்கள் பிள்ளையின் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றி வந்தால், ஆளுக்குக் கால் மணிதான் கிடைக்கும். கேபினில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது. “ஒரு டிரிப்பில் எத்தனை பேர்?” என்பதைத்தான் பள்ளியில் முதலில் கேட்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று பிறகு கேட்கலாம்.

இந்த நேரத்தைப் பதிய படிவம் 15 என்ற பதிவேடு உண்டு. தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன வண்டி என்று எழுதி, பயிற்றுநரும் பழகுபவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து உங்கள் பிள்ளையுடையது. ஓட்டாத நாளுக்கு அவன் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டிலும் ஒரு சிறு நோட்டில் அன்றன்றைய நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழ் இந்தப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

பள்ளியைப் பார்க்க நேரில் போங்கள். உரிமம் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது, எனவே தேதியைப் பாருங்கள். பயிற்சி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் பிரேக், கிளட்ச் உண்டா என்று பாருங்கள். பழகிக்கொண்டிருக்கும் பையன்களிடம் தனியாகப் பேசுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத பதில் டீக்கடையில் கிடைக்கும்.

என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். வண்டியை எடுக்கும் முன் ஏர் பிரஷர் ஏறிவிட்டதா என்று மீட்டரைப் பார்ப்பது, திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி வருவதைக் கணக்கிடுவது, இடது பக்கம் கண்ணாடியில் தெரியாத இடத்தை அறிந்திருப்பது, மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் நழுவாமல் எடுப்பது ஆகியவை அவசியம். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் கெட்ட பழக்கம் பலரிடம் உண்டு. தொப்பூர் கணவாயில் எத்தனையோ லாரிகள் கட்டுப்பாடு இழந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். லோடு வண்டி இறக்கத்தில் லோ கியரிலேயே இறங்க வேண்டும். பெரும்பாலும் காலி லாரியில்தான் பழக்குகிறார்கள்; ஒரு நாளாவது லோடு வண்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். லோடு இருந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் மனதில் பதியும்.

2021 ஜூலை முதல், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கெனத் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. அங்கே கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம்: வகுப்பு 16, செய்முறை 22. சிமுலேட்டரும் ஓட்டுதளமும் கட்டாயம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லை. இதைத் தவிர, சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நடத்தும் பயிற்சிப் பிரிவும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையமும் இந்தத் தொழிலுக்கென்றே இயங்குபவை. வெளியூரில் தங்க வேண்டுமே என்று தாய்மார்கள் தயங்குவது புரிகிறது. நம் கருத்தில், அந்தச் சில வாரங்கள் வீண்போகாது.

மனு எழுதும் முன் இன்னொன்று. வயது 20 நிறைந்து, இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டி மட்டும் ஓட்ட நினைப்பவருக்கு ஹெவி தேவையே இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவர்களுக்கு நாம் வேறு உதவி செய்யலாம்.

இனி கட்டணத்தை இரண்டு தவணையாகத் தருவோம். முதல் பாதி சேரும்போது பள்ளிக்கே நேரடியாகப் போகும். மறுபாதி, படிவம் 15-இன் நகலும் வீட்டு நோட்டும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகு. நமது நிர்வாகிகளில் ஒருவர் இடையில் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்து வருவார். அந்தப் பையனுக்கு இரண்டாம் முறை, வேறொரு பள்ளியில், அறக்கட்டளை செலவிலேயே பயிற்சி கொடுத்தோம். இப்போது அதே மண்டியில்தான் ஓட்டுகிறான்.

மனுப் படிவங்கள் தினமும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். இலகுரக லைசென்ஸ் நகலும், சேர விரும்பும் பள்ளியின் உரிம எண்ணும் கொண்டு வரவும்.