கறையானும் அதன் வயிற்றுக் குடிகளும்

ஊன்றிய கரும்புக் கரணையும், வேலிக்காலும், கூரை வாரையும் கறையானுக்கு இரையாவதைக் காணாத குடியானவர் இலர். மேற்பட்டை மட்டும் நிற்க, உள்ளே மண் நிறைந்திருக்கும். மாடும் தீண்டாத உலர்ந்த மரத்தைத் தின்று இச்சிறு ஜந்து எவ்வாறு பிழைக்கின்றது என்பதை அறிந்துகொண்டால், அதனைத் தடுக்கும் வழியும் ஒருவாறு புலப்படும்.

மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ், லிக்னின் என்னும் வஸ்துக்களால் ஆனது. செல்லுலோஸ் என்பது சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பொருள். அச்சங்கிலியை அறுத்தாலன்றி அதன் சத்து உடலிற் சேராது. வைக்கோல் தின்னும் மாட்டிற்கு இவ்வேலையைச் செய்து கொடுப்பவை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே. வீட்டு மரங்களை அரிக்கும் காப்டோடெர்மிஸ் இனக் கறையானின் பின்குடலிலும் அவ்வாறே ஓரணு உயிர்களும் பாக்டீரியாக்களும் திரளாக வாழ்கின்றன. கறையான் மென்று விழுங்கிய மரத்தூளை ஓரணு உயிர்கள் உட்கொண்டு புளிக்கச் செய்கின்றன. அதனால் உண்டாகும் அசிட்டிக் அமிலமே கறையானுக்கு ஆகாரம். மரத்தில் தழைச்சத்து மிகக் குறைவு. இக்குறையை, நிலக்கடலையின் வேர்முடிச்சில் நடப்பதுபோல், பாக்டீரியாக்களுட் சில காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து ஓரளவு நிரப்புகின்றன.

இவ்வுண்மையை அமெரிக்க அறிஞர் எல். ஆர். கிளீவ்லண்ட் 1924-ல் சோதனையால் விளக்கினார். அந்நாட்டு மரக்கறையான்களை 36 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு நாள் வைக்க, குடலிலுள்ள ஓரணு உயிர்கள் மாண்டன, கறையான்கள் சாகவில்லை. அவை முன்போலவே மரத்தைத் தின்றன. ஆயினும் இரண்டு மூன்று வாரங்களில், வயிறு நிறைந்திருந்தும், பட்டினியால் மடிந்தன. ஓரணு உயிர்களை மீண்டும் குடலிற் சேர்க்கப் பெற்றவையோ பிழைத்தன. கறையானிடம் செல்லுலோஸைச் சிதைக்கும் சொந்த நொதியும் உண்டென்பது 1998-ல் உறுதியாயிற்று. எனினும், இவ்வினத்திற்கு அது மட்டும் போதாது.

இத்தகைய கறையான் சட்டையுரிக்குங்கால் பின்குடலின் உட்தோலும் கழன்று, வயிற்றுக் குடிகளும் நீங்கிவிடும். கூட்டத்திலுள்ள மற்றொரு கறையானின் ஆசனவாய்த் துளியை உண்டே அது அவற்றைத் திரும்பப் பெறுகின்றது. ஆதலால் தனித்து விடப்பட்ட கறையான் நெடுநாள் வாழாது.

வயல்களிற் புற்றெழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் கறையானின் வழி வேறு. அதன் குடலில் இவ்வோரணு உயிர்கள் இல்லை. தின்ற சருகையும் மரத்தையும் எருவாகக் கழித்து, அதனைப் புற்றினுள் அடைபோற் கட்டி, அதன்மேற் பூஞ்சணம் வளர்க்கின்றது. பூஞ்சணம் லிக்னினைச் சிதைத்துப் பதப்படுத்திய பின்னர், அவ்வடையையும் அதில் அரும்பும் வெள்ளை மணிகளையும் உண்கின்றது. மழைக்குப் பின் புற்றின்மேல் தோன்றும் புற்றுக்காளான் இப்பூஞ்சணத்தின் பூவே.

இதிலிருந்து குடியானவர்கள் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, கண்ணிற்படும் சில கறையான்களைக் கொல்வதாலும், புற்றின் தலையைத் தட்டுவதாலும் பயன் சிறிது. அடியிலுள்ள பூஞ்சண அடைகளையும் தாய்க்கறையானையும் தோண்டி அழித்தல் வேண்டும். இரண்டாவது, மரக்கால்களை வெறுமண்ணில் ஊன்றாமல் கல்லின்மேல் நிறுத்துதல் நலம். மூன்றாவது, மக்காத எருவையும் காய்ந்த தட்டையையும் வயலில் விடுதல் கறையானுக்கு விருந்து வைப்பதாகும். அவற்றைக் குழியிலிட்டு நன்கு மக்கவைத்தால், கறையான் வயிற்றில் நடக்கும் வேலை குழியிலேயே முடிந்துவிடும். பின்னர் அவ்வெருவிற் கறையானுக்கு மிஞ்சும் இரை சிறிது. பயிருக்குக் கிடைக்கும் சத்தோ பெரிது.