இரண்டு மொழியும் அவனுக்குச் சொந்தம்

கேள்வி: பாறசாலை அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஒன்பதாம் வகுப்பு மகன் மலையாள வழியில் படிக்கிறான். பள்ளியில் சிலர் அவனைப் 'பாண்டி' என்று கேலி செய்கிறார்கள். மார்த்தாண்டத்து உறவுக்காரப் பிள்ளைகளோ அவன் பேச்சைக் கேட்டு, 'மலையாளத்தான்' என்று சிரிக்கிறார்கள். இப்போதெல்லாம் வெளியிடங்களில் என்னோடு தமிழில் பேசவே மறுக்கிறான். "நம்ம தமிழா, மலையாளமா அம்மா?" என்று கேட்கிறான். தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் அவன் குழப்பம் கூடுமா?

– ஒரு தாய்

பதில்: குழப்பம் அதிகமாகாது, சகோதரி. தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு மொழி தெரிவதால் பிள்ளை வாடவில்லை. இரண்டிலும் நீ மட்டம் என்று இரு பக்கமும் சொல்வதால் வாடுகிறான். 2013-ல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு பண்பாட்டிலும் காலூன்றியவர்களிடம் மனநலமும் பிறரோடு இணங்கி வாழும் தன்மையும் கூடுதலாக இருப்பது தெரிந்தது.

அவன் கேள்விக்கு ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள். பாறசாலையும் மார்த்தாண்டமும் முன்பு ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே உங்கள் ஊர்த் தமிழர் வந்தேறிகள் அல்லர். மலையாளம் கலந்த பேச்சும் குறையல்ல. விளவங்கோட்டுத் தமிழிலும் அந்தக் கலப்பு உண்டு. வில்லுப்பாட்டும் எல்லையின் இரு புறமும் பாடப்படுவதுதான்.

நவராத்திரிக்கு அவனை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப் போங்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை விக்கிரகங்கள் ஆண்டுதோறும் களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் இரவு தங்கித் திருவனந்தபுரம் செல்கின்றன. இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்தும் அந்த ஊர்வலத்தை அவன் கண்ணால் பார்க்கட்டும்.

தமிழ்ப் பாடத்தைத் தினமும் கொஞ்ச நேரத்தோடு நிறுத்துங்கள். பாட்டி சொல்லும் கதைகளை அவனையே எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் அவன் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். தமிழில் பேசு என்று வற்புறுத்தவும் வேண்டாம். உறவினர்களிடம் கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள்; பிள்ளை தானே சமாளிக்கட்டும் என்று விடக் கூடாது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், அரசுக்குத் தமிழிலேயே கடிதம் எழுத அங்குள்ள தமிழருக்கு உரிமை தருகிறது. இதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அதோடு, கடையிலும் பேருந்திலும் நீங்கள் கூச்சமின்றி இரண்டு மொழியும் பேசுங்கள். உங்களைப் பார்த்துத்தான் அவன் நிமிர்வான்.