பழைய அமெரிக்கக் கார்களும் பலமான ஸ்பிரிங்குகளும்



எங்க மாமா சின்ன லோடு வேன் வச்சிருக்காங்க. செங்கல் ஏத்தினா பின்பக்கம் உட்கார்ந்துடுதுன்னு போன வருஷம் ஒரு கமான் பட்டை கூடுதலா போட்டாங்க. அப்புறம் லோடோட வண்டி நிமிர்ந்து போச்சு. ஆனா ஒருநாள் காலி வண்டியில அம்மாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. "பட்டை போட்டது செங்கல்லுக்குடா, எனக்கு இல்ல" என்றார் அம்மாச்சி. அதன் பிறகுதான் நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மெத்தை போன்ற கார்கள்

1976-ஆம் ஆண்டின் செவ்ரலே இம்பாலா காரின் நீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல். எடை ஏறத்தாழ 1,900 கிலோ. அமெரிக்காவின் நீண்ட, நேரான சாலைகளில் குடும்பத்தோடு அலுங்காமல் போவதற்காக இத்தகைய கார்களில் மிருதுவான ஸ்பிரிங் வைத்தார்கள். ஆனால் ஆட்களும் பெட்டிகளும் ஏறி, பின்னால் படகையும் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? வால் தாழும், மூக்கு தூக்கும். முன் சக்கரத்தின் பிடி குறையும். விளக்கு வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வளைவில் உடம்பு சாயும். இது சொகுசுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை!

அதனால் கார் வாங்கும்போதே கூடுதல் பணம் கட்டி, பலமான சஸ்பென்ஷனைக் கேட்டு வாங்கலாம். போலீஸ் கார்களுக்கும் டாக்சிகளுக்கும் தனி வகைகளும் இருந்தன.

என்னென்ன மாற்றுவார்கள்?

1. சுருள் ஸ்பிரிங்: கம்பியின் தடிமனைக் கூட்டுவார்கள். மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 10 சதவீதம் தடித்தால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். ஏனென்றால் விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. (1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்.)

2. முறுக்குத் தண்டு: கிரைஸ்லர் நிறுவனம் 1957 மாடல்களில் முன்பக்கம் சுருளுக்குப் பதில் நீளமான எஃகுத் தண்டு வைத்தது. சக்கரம் மேலேறினால் தண்டு முறுகும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். பின்பக்கம் நம்ம லாரி மாதிரி கமான் பட்டைதான். பலம் வேண்டுமென்றால் தடித்த தண்டு போடுவார்கள்.

3. ஷாக் அப்சார்பர்: ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் போகும். ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கி இதை விட்டுவிட்டால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும்.

4. ஸ்டெபிலைசர் கம்பி: இடது, வலது சக்கரங்களை இணைப்பது. ஒரு பக்கம் மட்டும் தாழும்போதுதான் எதிர்க்கும். வளைவில் சாய்வைக் குறைக்கும், சுமை தாங்க உதவாது.

1958-இல் செவ்ரலே காற்றுப் பை சஸ்பென்ஷனையும் விற்றது. காற்று கசிந்து தொல்லை கொடுத்ததால் அது நிலைக்கவில்லை.

1977 செவ்ரலேயில் எஃப்41 என்ற குறியீட்டைக் கேட்டால் விறைப்பான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், தடித்த முன் ஸ்டெபிலைசர், கூடுதலாகப் பின் ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்துக் கொடுத்ததுதான் அதன் சிறப்பு.

கவனிக்க!

பலமான ஸ்பிரிங் போட்டதால் டயரும் அச்சும் பிரேக்கும் பலமாகிவிடாது. வண்டி நிமிர்ந்து நிற்கிறதே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் ஆபத்து. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கிடையாது. சுமையா, சாய்வா, ஆட்டமா என்று முதலில் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மேசை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பாதி வெளியே நீட்டிப் பிடித்து, நுனியில் ஜாமெட்ரி பாக்ஸைத் தொங்க விடுங்கள். நன்றாக வளையும். இரண்டு ஸ்கேலைச் சேர்த்துப் பிடித்தால் குறைவாக வளையும். இப்போது பாக்ஸை எடுத்துவிட்டு ஒரு ரப்பரை மட்டும் வையுங்கள். ரெட்டை ஸ்கேல் அசையவே அசையாது.

அந்த ரப்பர்தான் எங்க அம்மாச்சி!

மாமாவிடம் இதைச் செய்து காட்டினேன். இப்போதெல்லாம் அம்மாச்சியை பஸ்ஸில்தான் கூட்டிப் போகிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி