பழைய அழகில் புது பைக்: விலை நியாயமா?

பழைய பாணியில் வரும் புது பைக்குகளைக் குதிரைத்திறனை வைத்து மட்டும் எடைபோட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தருவது சுமார் 20 குதிரைத்திறன்தான். சில 200 சிசி பைக்குகள்கூட அதைத் தாண்டிவிடுகின்றன. ஆனால் அதன் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுவதால், அடிக்கடி கியர் மாற்றாமல் நிதானமாக ஓட்டலாம். யோசிக்க வேண்டியது 195 கிலோ எடையைத்தான். டெஸ்ட் ரைடோடு நிறுத்தாமல், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். வீட்டு வாசல் சரிவில் தினமும் ஏற்றப்போவது விற்பனையாளர் அல்ல.

அழகுக்குக் காசு கொடுப்பது வீண் என்பதை ஏற்க முடியாது. பிடித்த வண்டியைத்தான் பல வருடம் துடைத்து வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த அழகின் விலை தெரிந்திருக்க வேண்டும். அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஹன்டர் 350 எடையிலும் விலையிலும் குறைவு. கிளாசிக்குக்கு நாம் கூடுதலாகத் தருவதில் பெரும்பகுதி தோற்றத்துக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்பதால் பெரிய எஞ்சினுக்குத் தாவுமுன் ஆன்ரோடு விலையை எழுத்தில் கேளுங்கள். விற்கும்போது போட்ட பணம் திரும்பிவிடும் என்பார்கள். அதிகம் விற்கும் மாடலுக்கு அது ஓரளவு சரி; உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டரே இல்லாத பிராண்டுக்குப் பொருந்தாது. நிறத்துக்கும் குரோமுக்கும் மட்டும் அதிகம் கேட்கும் வேரியன்ட்டை விட்டுவிட்டு, இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உள்ளதை வாங்குங்கள்.